கோபுரம் தெரிந்தது, ரோடு தெரியவில்லை!

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வேலை தப்பாது. ஒன்று, பதினோரு நிலை ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பது. இரண்டு, பால்கோவா வாங்குவது. நான் மூன்றாவதாகவும் ஒரு வேலை செய்தேன். அதுதான் வினையாகிப் போச்சு!

ஐப்பசி மாதம். மதுரையிலிருந்து காரில் நானும் சம்சாரமும். ராத்திரி ராஜபாளையத்தில் மச்சினன் வீட்டில் சாப்பாடு. நடுவில் ஆண்டாள் தரிசனம். தினமும் புதுசாய் இலைகளால் செய்து ஆண்டாளின் கையில் வைக்கிறார்களே, அந்தக் கிளியின் அழகைப் பேசிக்கொண்டே வெளியே வந்தால், மரத்தடியில் நின்ற கார் கண்ணாடியில் நிஜக் கிளியோ, காக்கையோ தன் காணிக்கையைச் செலுத்திவிட்டுப் போயிருந்தது.

தண்ணீர் பீய்ச்சும் பொத்தானை அழுத்தினேன். 'ங்ஙொய்' என்று சத்தம்தான் வந்தது, சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சரி, வைப்பர் எதற்கு இருக்கிறது என்று அதைப் போட்டேன். காய்ந்த கண்ணாடியில் அது காணிக்கையை அரை வட்டமாக இழுத்துக் கோலம் போட்டது. சீட்டில் கிடந்த துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன். பளபளா! அந்தத் துணிக்கு ஒரு பூர்வகதை இருப்பது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். பகலில் அருமையான ரோடு. நாங்கள் கிளம்பியதோ பொழுது சாய்ந்து. மலையைக் காணோம், மேகம்தான் இருந்தது. ஊரைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டது மழை.

வைப்பரைத் தட்டினேன். 'டர்ர்ர்... டர்ர்ர்...' என்று தவ்வித் தவ்விப் போனது. கண்ணாடி முழுக்க வெண்ணெய் பூசின மாதிரி ஒரு படலம். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் லாரிகளின் வெளிச்சம் அதில் பட்டுப் பூவாய் விரிந்தது. பார்க்க அழகு. ரோடு மட்டும் தெரியவில்லை.

"ஏங்க... சைக்கிள்!"

சம்சாரம் கத்தியிருக்காவிட்டால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெரியவர். அவருக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மிதித்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அப்புறம் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து, ராஜபாளையம் எல்லையில் விளக்கு எரிந்த முதல் ஒர்க் ஷாப்பில் ஒதுங்கினேன். வாசலில் படுத்திருந்த நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஊர்தான் ராஜபாளையம், நாய் என்னவோ நாட்டு நாய்!

மெக்கானிக் கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார்.

"அண்ணாச்சி, பால்கோவாவா?"

சம்சாரம் வேறு பக்கம் பார்த்தாள். அவள் கை துடைத்த துணியாம் அது!

ஷாம்பூத் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவி, ஒரு பேண்டேஜ் துணியால் துடைத்தார். "கண்ணாடிக்குக் காயமா?" என்றேன். "பக்கத்துல சத்திரப்பட்டிதான அண்ணாச்சி, பேண்டேஜ் துணிக்கா நமக்குப் பஞ்சம்? எண்ணெய் படாத துணியா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அடுத்து வைப்பரைத் தூக்கி, ரப்பரின் விளிம்பை ஈரத்துணியால் ஒரு இழுப்பு. துணியில் கரி மாதிரி கறுப்புக் கோடு. இன்னும் இரண்டு இழுப்பு. கறுப்பு நின்றது. ஆனால் விளிம்பில் விரிசல்.

"போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப மறுபக்கம் இந்த ரப்பர் மடங்கணும். காஞ்சு வெறைச்சுப்போனா மடங்காது. அதான் தவ்வுது."

"நான் வைப்பரை உபயோகிக்கிறதே இல்லையே?"

"அதனாலதான் அண்ணாச்சி! நம்மூர்ல வருஷத்துல முக்காவாசி நாள் சும்மா வெயில்ல கெடந்தே செத்துப்போகுது. மொத மழையில சோதிச்சுப் பார்த்தா எப்படி? புரட்டாசியிலேயே தண்ணி அடிச்சுப் பார்த்திரணும். காஞ்ச கண்ணாடியில மட்டும் போட்டுராதீக, ஒட்டியிருக்கிற மண்ணே கண்ணாடியைக் கீறிப்புடும்."

புது பிளேடு மாட்டினார். தண்ணீர்த் தொட்டி காலி, அடியில் பாசி. அலசி ஊற்றினார். பானெட் மேல் இருந்த துவாரத்தில் குண்டூசியைச் செருகி ஒரு சுழற்று. ஃபவுண்டன் மாதிரி பீய்ச்சி என் சட்டையை நனைத்தது.

கார் வைப்பருக்கு 1903-இல் காப்புரிமை வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. நியூயார்க்கில் பனி கொட்டும்போது டிராம் டிரைவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நடுங்கியபடி ஓட்டியதைப் பார்த்து வந்த யோசனையாம். அதில் அவர் காசு பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த அம்மாளை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் பிளேடுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கூலிக்கு, "அந்தப் பால்கோவால கொஞ்சம் குடுங்க" என்றார். சம்சாரம் தாராளமாகவே கொடுத்தாள். தின்று முடித்தவர், கை துடைக்க மேஜை மேலிருந்த பேண்டேஜ் துணியை எடுத்தார்.

"ஐயையோ, அது கண்ணாடிக்கு!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.