வடசேரியில் ஒரு பிடி புல்

சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால், விடியற்காலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும். தோவாளை தாண்டும்போது பூ வாசனை. அப்புறம் வடசேரி பஸ் ஸ்டாண்ட். இறங்கியதும் ஒரு டீ. பிறகுதான் வீடு, அம்மா எல்லாம்.

இந்தத் தடவை போனது முற்றத்துப் பஞ்சாயத்துக்கு. அப்பா இருந்தவரை அங்கே அருகம்புல் மெத்தை மாதிரி கிடக்கும். அவர் போன பிறகு பலாமரம் தன்னிஷ்டத்துக்குப் படர்ந்து, அடியில் வெறும் சேறு. போன மழையில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்பு தப்பியது புண்ணியம். ''முழுக்க டைல்ஸ் போட்டுரலாம்'' என்றான் தம்பி. நானும் தலையாட்டினேன்.

அம்மா மட்டும், ''வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குப் புல்லுக்கு எங்கலே போவேன்?'' என்றாள்.

''கனகமூலம் சந்தையில வாங்கிக்கோ.''

''உங்கப்பா வச்ச புல்லைத் தொலைச்சிட்டு, காசு குடுத்து வாங்கச் சொல்லுக!''

பி.காம். படித்தவனிடம் இதற்குப் பதில் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் வயலில் நின்றவர். ''சவம், வரப்புல இதை வெட்டி வெட்டிக் கை ஓஞ்சு போச்சு. ஒரு கணு கிடந்தாப் போதும், முளைச்சிரும். அதுக்கு வேண்டியது வெயில் ஒண்ணுதான். மரத்தைக் கழி மக்கா!''

வரப்பில் நாம் வெட்டி எறியும் இதற்குத்தான் அமெரிக்காவில் பெர்முடா புல் என்று பெயர். அதன் பூர்வீகம் பெர்முடா இல்லை என்பது வேறு விஷயம். சைனோடான் டாக்டைலான் என்பது சாஸ்திரப் பெயர். முதல் பாதிக்கு நாய்ப்பல் என்று அர்த்தம்! ஜார்ஜியா மாநிலம் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி தந்த, இந்தப் புல்லின் கலப்பினமான 'டிஃப்வே 419' 1960-ல் வெளிவந்தது. கோல்ஃப் மைதானங்களில் அதற்கு ராஜ மரியாதை. இங்கே நம் பிள்ளையாருக்கு ஓசி.

அன்றே பலாவில் இரண்டு கிளைகளை இறக்கினோம். வெயில் தரையைத் தொட்டது. மண்ணைக் கொத்தி, மேடு பள்ளம் நிரவி, தண்ணீர் வடிய வாசல் பக்கம் லேசாகச் சரித்தோம். கணுவுள்ள தண்டுகளை அரை ஜாண் இடைவெளியில், நுனி மட்டும் வெளியே தெரிய ஊன்றி மிதித்தாயிற்று. வேர் பிடிக்கிற வரை, இரண்டு வாரம் போல, மண் காயக் கூடாது. அப்புறம் இடைவெளி விட்டுத் தண்ணீர் போதும். வளர்ந்த பிறகு வெட்டினால் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குதான். மொட்டையடித்தால் கோபித்துக்கொள்ளும்.

தம்பியையும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலிலிருந்து கேட் வரை இரண்டடி அகலத்துக்கு, வழுக்காத சொரசொரப்புக் கல். அம்மா நடக்க அது; மீதியெல்லாம் புல்.

ஒன்றரை மாதம் கழித்து போன் செய்தேன். ''முற்றம் எப்படிம்மா இருக்கு?''

''புல்லு வந்தாச்சு. இன்னைக்குப் பிள்ளையாருக்கு ஒரு பிடி கிள்ளினேன்'' என்றவள், கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: ''உங்கப்பா இருந்தா, வரிசை கோணல்னு உன்னை ஏசியிருப்பாரு.''