பாதைக்கும் ஓர் உரிமை உண்டு



சில மாதங்களுக்கு முன், உயர்தரம் படிக்கும் என் மகள், "வாப்பா, இனி நான் வகுப்புக்குப் போகல்ல" என்றாள். காரணம் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய உம்மா மூலம்தான் விஷயம் தெரிய வந்தது. பஸ் வண்டியில் நெரிசலைச் சாட்டாக வைத்து ஒருவன் அவளுக்குத் தொந்தரவு செய்திருக்கிறான். பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையாம்.

"சரி, அப்ப வீட்டிலேயே இரிங்க" என்றுதான் நான் சொன்னேன். பிள்ளையைப் பாதுகாத்துவிட்டேன் என்ற திருப்தி எனக்கு. ஆனால் மூலையில் தஸ்பீஹுடன் இருந்த என் உம்மும்மா அதை ஏற்கவில்லை.

"மகன், நாங்க சின்னதில மருதானையில இருந்து ட்ராம்ல போனவங்க. அப்பவும் கெட்டவன் இருந்தான்தான். ஆனா ஒருத்தன் சேட்டை விட்டா, இருக்கிற ஆம்புளையள் அவனை இறக்கி விடுவாங்க. நீங்க புள்ளையையல்லவா இறக்குறீங்க?"

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அவர் சொன்ன ட்ராமிலிருந்து நாம் இன்று இடிபடும் பஸ் வரை நடந்தது என்ன என்று தேடிப் படித்தேன்.

கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது 1899இல். கோட்டைப் பக்கமிருந்து மருதானை வழியாகப் பொறளைக்கு ஒரு பாதை, கிராண்ட்பாஸுக்கு மற்றொன்று. அதை நடத்தியது ஆங்கிலேயரின் ஒரு கம்பனி. 1929இல் அதன் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்ஹவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, மருதானையில் கலவரம் மூண்டு பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. 1944இல் ட்ராம் சேவையை மாநகர சபை பொறுப்பேற்றது. 1953இல் தண்டவாளமின்றி, மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் ட்ரொலி பஸ்கள் வந்தன. 1960இல் ட்ராம் நின்றது. 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது.

பஸ்ஸின் கதை வேறு. அன்று பஸ்கள் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தன. ஆட்களைப் பிடிப்பதற்காக ஒன்றையொன்று முந்தி ஓடுவது வழமையாக இருந்தது. இந்தக் குறைகளைக் காரணமாகக் கொண்டே அரசாங்கம் பஸ் சேவையைத் தேசியமயமாக்கி, 1958 ஜனவரி 1இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையை ஆரம்பித்தது. சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம். பின்னர் சபையிடம் பஸ்கள் போதாமல் போயின. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

சகோதரிகளே, நெரிசலின் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது. தனியார் பஸ்கள் பலவற்றில் சாரதி, நடத்துனரின் வருமானம் அன்றைய வசூலோடு கட்டப்பட்டது. ஆகவே மிதிபலகை வரை ஆட்களை ஏற்றுகிறார்கள். அந்த நெரிசல்தான் கெட்ட எண்ணமுள்ளவனுக்குத் திரை.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 35 வயது வரையான பெண்களில் 90 வீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவை அனுபவித்திருக்கிறார்கள். பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. என் மகளின் மௌனம் அவளுடையது மட்டுமல்ல.

பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்க்க முடியாது என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் தொல்லை தராமலிருப்பதும், ஸலாத்துக்குப் பதில் சொல்வதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அந்த உரிமைகள். இந்த ஹதீஸை எத்தனையோ வருடங்களாகப் படிப்பித்து வந்தேன். பஸ்ஸும் ஒரு பாதைதான் என்பது என் வீட்டுக்குள் வந்த பிறகே உறைத்தது. தீமையைத் தடுக்காத ஆண்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு, தண்டனையைப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தேன்.

மறு வாரம் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். சில நாட்கள் நானும் அவளோடு பஸ்ஸில் போனேன். பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு அல்ல, ஆண் பிள்ளைகளுக்கே இந்த ஹதீஸை மீண்டும் விளக்கினேன். இப்போது அவள் தன் தோழியோடு போய் வருகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

தாய்மார்களே, மகள் வாய் திறந்தால் முதலில் நம்புங்கள். இது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும், 119க்கு அறிவிக்கலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மகனை பஸ்ஸுக்கு அனுப்பும்போது சில்லறையோடு ஒரு வார்த்தையும் கொடுத்து அனுப்புங்கள்: "உங்கட கையாலயும் கண்ணாலயும் யாருக்கும் கரச்சல் வரக் கூடாது. வேற யாரும் கொடுத்தா, சும்மா பார்த்துக்கொண்டு இரிக்காதீங்க."

அல்லாஹ் நம் பிள்ளைகளின் பாதைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.