தீவுச் சிம்பன்சிகளும் எனக்கு ஏற்றிய ஊசியும்

லைபீரியாவில், தலைநகர் மொன்றோவியாவிலிருந்து அவ்வளவு தூரமில்லாத ஓர் ஆற்றுக் கழிமுகத்தில் கண்டல் சூழ்ந்த சில தீவுகள் இருக்கின்றன. வள்ளத்தின் சத்தம் கேட்டால் காட்டுக்குள்ளிருந்து சிம்பன்சிகள் கரைக்கு இறங்கி வரும். வள்ளத்தில் வருகிறவர்கள் பழமும் கிழங்கும் கொடுப்பார்கள். வள்ளம் வராவிட்டால் அவற்றுக்குச் சாப்பாடு இல்லை. தீவில் போதிய உணவும் நல்ல தண்ணீரும் இயற்கையாகக் கிடையாது. சிம்பன்சிக்கு நீந்தவும் தெரியாது.

இவை அங்கே தானாகப் போய்ச் சேர்ந்தவை அல்ல. 1974இல் நியூயோர்க் இரத்த மையம் என்ற அமெரிக்க நிறுவனம் லைபீரியாவில் ஓர் ஆய்வுகூடத்தைத் தொடங்கியது. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் பற்றிய ஆய்வு அது. மனிதருக்கு வருகிற இந்த நோய் சிம்பன்சிக்கும் தொற்றும் என்பதால் அவற்றின் உடலில் வைரஸை ஏற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஈரலிலிருந்து சின்னத் துண்டுகளை வெட்டிப் பார்த்தார்கள். இடையில் உள்நாட்டுப் போர் வந்தது. போர் நடக்கிற ஊரில் கூட்டுக்குள் இருக்கிற மிருகத்தின் நிலை என்னவாகும் என்று எங்கள் ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு 2000களின் நடுப்பகுதியில் ஆய்வு நின்றது. மிச்சமிருந்த சிம்பன்சிகளை இந்தத் தீவுகளில் விட்டு, சாப்பாட்டுச் செலவை அந்த நிறுவனமே கொடுத்து வந்தது.

2015 மார்ச்சில் அந்தக் காசும் நின்றது. எபோலாவால் லைபீரியா நொந்து போயிருந்த நேரம் அது. சிம்பன்சிகள் லைபீரிய அரசுக்குச் சொந்தமானவை, அவற்றைத் தொடர்ந்து பராமரிக்கும் கடமை தங்களுக்கு இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். தீவுகளில் அப்போது அறுபதுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள் இருந்தன. அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் அங்கே முந்தி வேலை பார்த்த லைபீரியப் பராமரிப்பாளர்கள். சம்பளம் இல்லாமலே கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டு வள்ளத்தை எடுத்தார்கள். அமெரிக்க விலங்குநல அமைப்பு ஒன்று உதவிக்கு வந்தது, எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் 2017இல் இரத்த மையம் 60 இலட்சம் டொலர் தர ஒப்புக்கொண்டது. சிம்பன்சிகளை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்த விலங்குநல அமைப்பு ஏற்றது.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு வந்தது வெறும் கோபம்தான். பிறகு இன்னொரு விஷயம் உறைத்தது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மனிதருக்குப் போகும் முன் சிம்பன்சிகளில்தான் சோதிக்கப்பட்டது. 2003இல் அந்த ஊசி இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அதற்குப் பிறகு பிறந்த எனக்கும், இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும், கிளினிக்கில் அழ அழ ஏற்றிய ஊசிகளில் அதுவும் ஒன்று. அந்த ஊசி வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. அது எத்தனையோ பேரை ஈரல் புற்றுநோயிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் அந்த நன்மை வந்த வழியில் ஓர் உயிர் நின்றது என்றால், அதற்குப் பிறகு அந்த உயிருக்குச் சாப்பாடு போடுவது தர்மம் ஆகாது. அது கடன்.

இதைக் கன்டீனில் கதைத்தபோது ஒரு நண்பன் கேட்டான்: “அப்ப காட்டில கொண்டுபோய் விட வேண்டியதுதானே மச்சான்? ஏன் தீவு, ஏன் கூடு?”

நல்ல கேள்வி. ஆனால் காடு என்பது மரங்கள் மட்டும் இல்லை. சிம்பன்சிக் குட்டி வருடக்கணக்காகத் தாயோடேயே திரிந்துதான் எந்தப் பழம் எப்போது பழுக்கும், கறையான் புற்றில் குச்சியை எப்படி விட்டு எடுப்பது, யாருக்கு முன்னால் பணிந்து போவது என்றெல்லாம் பழகுகிறது. சிறுவயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கூட்டில் வளர்ந்து, உடம்பில் வைரஸும் ஏற்றப்பட்ட ஒன்றைக் காட்டில் விட்டால், அது பட்டினியால் சாகலாம், அங்குள்ள கூட்டத்தால் கொல்லப்படலாம், அந்தக் கூட்டத்துக்கே நோயைக் கொடுக்கலாம். காங்கோ குடியரசில் 1996இலிருந்து அநாதைச் சிம்பன்சிகள் சிலவற்றைக் காட்டுக்குத் திருப்பி விட்டு வென்றிருக்கிறார்கள்தான். அதற்கும் வருடக்கணக்கான தயார்ப்படுத்தலும் பின்தொடர்தலும் தேவைப்பட்டன. கதவைத் திறந்து விடுவது விடுதலை ஆகிவிடாது.

அதனால்தான் மிருகக்காட்சிச்சாலை வேண்டுமா வேண்டாமா என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1926இலிருந்து 1972 வரை லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் சிம்பன்சிகளை மேசையைச் சுற்றி இருத்தி, தேநீர் விருந்து என்று வேடிக்கை காட்டினார்கள். சனம் பார்த்துச் சிரித்தது. விளம்பரங்களில் சிம்பன்சி பல்லைக் காட்டிச் ‘சிரிப்பது’ அநேகமாகப் பயத்தின் முகம் என்பது இன்று தெரியும். லண்டனில் அந்த விருந்து முடிய முதலே, 1971இல், நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் திறந்த வெளியில் பெரிய கூட்டமாக சிம்பன்சிகளை வாழவிட்டார்கள். யார் யாரோடு சேர்கிறார்கள், சண்டைக்குப் பிறகு எப்படிச் சமாதானமாகிறார்கள் என்பதையெல்லாம் பிரான்ஸ் டி வால் அங்கே இருந்துதான் எழுதினார். அந்தக் கூட்டத்தின் மூத்த பெண் ‘மாமா’ 2016இல் 59 வயதில் சாகக் கிடந்தபோது, நாற்பது வருடத்துக்கும் மேலாகத் தன்னை அறிந்த பேராசிரியர் யான் வன் ஹூஃபின் தலையைத் தடவி, கழுத்தைக் கட்டிக்கொண்ட வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். அடைத்து வைத்தது அடைத்து வைத்ததுதான். ஆனாலும் அடைத்து வைத்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

நண்பன் அதோடு விடவில்லை. “மனிசருக்கே வழியில்ல, குரங்குக்கு 60 இலட்சம் டொலரா?”

இதற்குப் பதில் தன்சானியாவின் கொம்பேயில் இருக்கிறது. ஜேன் கூடால் 1960இல் அங்கே போய், சிம்பன்சிகள் கருவி செய்து பாவிப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர். பின்னாளில் விமானத்திலிருந்து பார்த்தபோது, சின்னப் பூங்காவைச் சுற்றி எல்லாம் மொட்டை மலைகள். அங்கிருந்த சனத்துக்கு விறகும் வயலும் வேண்டும். அவர்கள் வாழ வழியில்லாமல் காடு மிஞ்சாது என்று விளங்கியதால், 1994இல் அவருடைய நிறுவனம் ‘டக்காரே’ திட்டத்தைத் தொடங்கியது. மர நாற்றுமேடை, சுகாதாரம், பெண்களுக்குச் சிறுகடன் என்று வேலை ஊரிலிருந்தே ஆரம்பித்தது. சிம்பன்சியா மனிதரா என்று தராசில் வைக்க அங்கே தேவை வரவில்லை. 2025 ஒக்டோபரில் கூடால் 91 வயதில் இறந்தபோதும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

காலம் நிறைய இல்லை. மேற்கு ஆபிரிக்கச் சிம்பன்சி 2016இலிருந்து மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. ஒரு தாய் சிம்பன்சி அநேகமாக ஐந்து வருடத்துக்கு ஒரு தரம்தான் குட்டி போடும். ஒரு குட்டியைப் பிடித்து விற்கத் தாயைச் சுட்டால், அவள் ஈன்றிருக்கக்கூடிய மற்றக் குட்டிகளும் அதோடு போச்சு.

ஆகவே யாராவது ஒரு மிருகத்தைக் கூட்டுக்குக் கொண்டு வரும்போது, அது ஆய்வுக்கோ காட்சிக்கோ ‘கியூட்’ வீடியோவுக்கோ, நான் கேட்க நினைக்கிற கேள்வி ஒன்றுதான். சிம்பன்சி ஐம்பது வருடமும் வாழும். உங்கள் திட்டத்துக்கான காசு எத்தனை வருடத்துக்கு?