மணலுக்குள் ஓர் ஆறு

கோடையில் சங்கராபரணியைக் காண்போர், இது ஆறா, பாலைவனமா என்று ஐயுறுவதுண்டு. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றிப் புதுவைக்குத் தெற்கே கடலைச் சேரும் இவ்வாறு, மழைக்காலம் கழிந்ததும் வெறும் மணற்பரப்பாகிவிடுகிறது. அம்மணலில் ஓரிரவு தங்கவேண்டுமென்ற என் நெடுநாள் ஆவல் சென்ற மாசியில் நிறைவேறியது.

திருபுவனையிலிருந்து மாமாவும் அவர் மகனும் நானும் மிதிவண்டிகளில் புறப்பட்டு, பொழுது சாயுமுன் செல்லிப்பட்டு ஆற்றங்கரையை அடைந்தோம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணை 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது இங்கேதான்.

"அப்பா, குடிதண்ணீரை மறந்துவிட்டோமே!" என்றான் சிறுவன்.

"ஆற்றுக்கு வந்து தண்ணீருக்கு அஞ்சலாமா, தம்பி?" என்று சிரித்த மாமா, கைகளால் மணலைத் தோண்டலானார். முழங்கை ஆழத்தில் ஊற்றுச் சுரந்தது. கலங்கல் தெளிந்தபின் முகந்து காய்ச்சிக் குடித்தோம், இளநீர்போல் இனித்தது.

இரவில் உறக்கம் எங்கே வந்தது! ஆள்காட்டிக் குருவி ஓயாது கூவிற்று. அக்கரைப் புதரிலிருந்து நரியொன்று ஊளையிட்டது. விடியலில் எழுந்து பார்த்தால், எங்கள் ஊற்றைச் சுற்றிலும் கீரியின் கால்தடங்கள், கொக்கின் தடங்கள், வேறும் பல! நாங்கள் தோண்டிய நீரை எத்தனை விருந்தினர் பருகிச் சென்றிருக்கின்றனர்! ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலைநிலத்தில் யானைகளே வறண்ட ஆற்றுமணலைத் தோண்டி நீர் பருகுமாம். பிற விலங்குகளும் அக்குழிகளில் தாகம் தீர்த்துக்கொள்ளுமாம்.

சற்றுத் தொலைவில், மணல் அள்ளப்பட்ட பள்ளமொன்றிலும் மாமா தோண்டிப் பார்த்தார். இறுகிய களிமண்ணே தட்டுப்பட்டது. அவர் முகம் வாடிற்று. "நான் சிறுவனாயிருந்தபோது இங்கேயும் ஊற்று இருந்தது" என்றார்.

மணற்பருக்கைகளின் இடைவெளிகளில் தங்கும் நீரை வெயில் எளிதில் உறிஞ்சிவிடுவதில்லை. கரையோரக் கிணறுகளுக்கும் அதுவே ஆதாரம். மணலை இழந்த ஆற்றில் வெள்ளம் வந்தாலும் தங்காமல் ஓடிவிடுகிறது.

திரும்பும் வழியில் ஊசுட்டேரியைக் கண்டோம். 2008ஆம் ஆண்டில் புதுவை அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த இவ்வேரிக்கும் சங்கராபரணியின் வெள்ளமே சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வந்து சேர்கிறது. வெகுதொலைவிலிருந்து வந்த வாத்துகள் அங்கே கூட்டமாய் மிதந்தன. ஆற்றை நம்பி வந்த விருந்தினர் அவையும்!

புறப்படுமுன் ஊற்றை மூடப்போன சிறுவனை மாமா தடுத்துவிட்டார். "திறந்தே இருக்கட்டும், தம்பி. இன்றிரவும் யாரேனும் வருவார்கள்" என்றார்.