காம்பஸ் போடாத வட்டம்

ஃபியூச்சுரா எழுத்துருவின் பெரிய 'ஓ'வைக் காம்பஸ் வைத்து வரைந்த வட்டம் என்றே யாரும் நினைப்பார்கள். பெரிதாக்கி அளந்து பார்த்தால் கதை வேறு. மேலேயும் கீழேயும் கோடு சற்று மெலிந்திருக்கும், பக்கவாட்டில் பருத்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் வைத்தால், படுக்கைக் கோடுதான் நம் கண்ணுக்குக் கூடுதல் கனமாகப் படும். பக்கத்தில் நிற்கும் 'ஹெச்'சைவிட இந்த வட்டம் மேலும் கீழும் இம்மியளவு நீண்டும் இருக்கும். இல்லாவிட்டால் சிறுத்துப்போனது போலத் தெரியும்.

இந்த எழுத்துருவை உருவாக்கியவர் ஜெர்மனியின் பால் ரென்னர். பிராங்பர்ட் நகரின் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. ரென்னரின் தொடக்க வரைவுகளில் வடிவியல் மோகம் தூக்கலாகவே இருந்தது. சிறிய 'ஆர்' வெறும் ஒரு கம்பம், அதன் தோளருகே தனியாக ஓர் உருண்டைப் புள்ளி, அவ்வளவுதான். பார்க்கப் புதுமை, படிக்கச் சிரமம். அத்தகைய வடிவங்கள் பின்னால் வழக்கொழிந்து, எளிதில் வாசிக்க முடிந்தவை நிலைத்தன. ஃபியூச்சுராவின் நீண்ட ஆயுளுக்கு அதுவே முதல் காரணம்.

 

மெல்லிய எழுத்தில் வடிவியல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எழுத்தைத் தடிக்க வைக்கும்போதுதான் வடிவமைப்பாளரின் கைத்திறனுக்குச் சோதனை. சிறிய 'பி'யில் கம்பமும் வயிறும் சேரும் மூலையைப் பாருங்கள். முழுத் தடிமனோடு இரண்டும் மோதினால் அங்கே கறுப்புத் திட்டு விழுந்துவிடும். அதனால் வயிற்றுக்கோடு கம்பத்தை நெருங்க நெருங்க ஒடுங்குகிறது. உள்ளே இருக்கும் வெள்ளை இடமும் குறைந்துகொண்டே வருவதால், அதைக் காப்பாற்ற எழுத்தை அகலமாக்க வேண்டியிருக்கிறது. வட்டம், சதுரம், முக்கோணம் என்று பெயர் வாங்கிய எழுத்துக்குள் கணக்கை மீறிய இத்தனை திருத்தங்கள். அவை கண்ணில் படாமல் இருப்பதே ரென்னரின் சாதனை.

சில சொற்களை உரக்கச் சொல்ல வேண்டிய இடமெல்லாம் இந்த எழுத்துக்கு இடம். 1959இல் தொடங்கிய வோக்ஸ்வாகன் கார் விளம்பரங்களின் தலைப்புகள் இதில்தான் வந்தன. அப்பல்லோ 11 குழுவினர் 1969இல் நிலவில் விட்டு வந்த எஃகுத் தகட்டின் வாசகமும் இதே எழுத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் சிவப்புப் பட்டை ஒட்டி, அதில் தடித்த சாய்வு ஃபியூச்சுராவில் வெள்ளை வாசகங்களைப் பொறித்தார். நுகர்வையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்க, விளம்பரத்தின் குரலையே கையில் எடுத்த துணிச்சல் அது. ஆனால் பக்கம் பக்கமாகப் படிக்கும் உரைநடைக்குத் தடித்த வடிவம் ஒத்துவராது. நாலு வரிக்குள் கண் களைத்துவிடும்.

ஐகியா நிறுவனமும் பல ஆண்டுகள் தனக்கென மாற்றிய ஃபியூச்சுராவையே வைத்திருந்தது. 2009இல் அதைக் கைவிட்டு, திரைக்கென வடிவமைக்கப்பட்ட வெர்டானாவுக்கு மாறியபோது வடிவமைப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மேசை நாற்காலி விற்கும் கடையின் எழுத்துக்காகக் கையெழுத்து இயக்கமே நடந்தது. 2019இல் அந்நிறுவனம் நோட்டோவுக்குப் போனது. உலகின் பல லிபிகளை ஒரே குடும்பமாகத் தரும் அந்த எழுத்துருவில் தமிழும் உண்டு.