நான் வெட்டிய பத்தி

"குவைத்திலிருந்த நம் தூதரகத்தார், மக்களை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிப்போனார்கள்." 2016-ல் எங்கள் செகந்திராபாத் திருமுல்கேரித் தமிழர்கள் கொண்டுவந்த தமிழ்ப் புத்தாண்டு மலரில் 'ஏர்லிஃப்ட்' படத்தைப் பற்றி நான் எழுதிய வரி இது. தெரியாமல் எழுதியிருந்தால் பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் தெரிந்தே எழுதினேன்.

படம் அந்த ஜனவரியில் வந்தது. 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைகிறது. இந்தியத் தூதரகம் கைவிட்டுவிடுகிறது. டெல்லியில் கோப்புகள் தூங்குகின்றன. அக்ஷய் குமார் நடித்த ரஞ்சித் கத்யால் என்ற வியாபாரி, கிட்டத்தட்டத் தனியாளாக எல்லோரையும் கரைசேர்க்கிறார். ஒரு இணைச் செயலாளர் மட்டும் கொஞ்சம் மனம் இளகி ஓடியாடுகிறார். கொடி ஏறும் காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது.

கட்டுரைக்கு ஓர் உயிருள்ள சாட்சி வேண்டும் என்று லால் பஜாரில் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். குவைத்தில் லாரி ஓட்டியவர். அந்த ஆண்டு திரும்பி வந்தவர். டீ ஆறுவதற்குள் பாஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் எல்லை, அம்மான் என்று வழி முழுவதையும் சொல்லிவிட்டார். அவருடைய பாஸ்போர்ட் அரபாபின், அதாவது அங்கத்திய முதலாளியின், பெட்டியில் பூட்டிக் கிடந்ததாம். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதற்குள் மடிப்பு மடிப்பாய்க் கிழியத் தொடங்கிய ஒரு தாள். மூலையில் ஒட்டிய புகைப்படம். பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழுந்த ஊதா முத்திரை. அவுட்பாஸ்: பாஸ்போர்ட் கையில் இல்லாதவர் ஊர் திரும்பத் தூதரகம் தரும் தாள்.

"அம்மான்ல நம்ம எம்பசிக்காரர் ஒருத்தர் மேசை போட்டு உக்காந்து எழுதிக் கொடுத்தார், தம்பி. ரெண்டு மூணு நாளா தூங்காத மூஞ்சி. பேரைக்கூட கேக்கல நான். இந்தத் தாள் இல்லேன்னா பிளேன்ல யார் ஏத்துவா?" என்றார்.

அவர் சொன்னதை ஒரு பத்தியாக எழுதினேன். படித்துப் பார்த்தேன். அதற்கு மேலே தூதரகத்தாரைக் கிழிகிழியென்று கிழித்திருந்த பத்தி பல்லிளித்தது. இரண்டில் ஒன்றுதான் நிற்க முடியும். பெரியவருடைய பத்தியை வெட்டினேன். அரசு அதிகாரியைத் திட்டினால் எந்தக் கூட்டத்திலும் கைதட்டு நிச்சயம். அது எனக்குத் தெரியும். கைதட்டு கிடைக்கவும் செய்தது.

உண்மையைத் தெரிந்துகொள்ள அந்தத் தாள்கூட வேண்டியதில்லை. படம் வந்த சூட்டிலேயே, அது காட்டியதை வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. அன்றைய செய்தித் தொடர்பாளர் விகாஸ் ஸ்வரூப், 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு மூலமான நாவலை எழுதியவர். சினிமா கதையை எப்படி வளைக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1990-ல் அமைச்சகத்தின் வளைகுடாப் பிரிவைக் கவனித்த கே.பி. ஃபேபியனும் நடந்ததை விளக்கினார். குவைத்திலிருந்த தூதரகங்களை மூடும்படி ஈராக் கெடு வைத்தது; நம் தூதரகம் பாஸ்ராவுக்கு மாறியது. அந்த இடமாற்றத்தைத்தான் படம் ஓட்டமாக்கியது. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைக் கட்டித் தழுவியதற்காக உலகமே முகம் சுளித்தது. ஆனால் நம் ஆட்களுக்கு வழி திறந்தது. 59 நாட்களில் ஏர் இந்தியா 488 முறை பறந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஊர் சேர்த்தது. மாத்துண்ணி மாத்யூஸ் போன்ற வணிகர்களின் உழைப்பும் அதில் பெரிது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எந்த வணிகராலும் அவுட்பாஸில் முத்திரை குத்த முடியாது.

அடுத்த ஆண்டு மலையாளத்தில் 'டேக் ஆஃப்' வந்தது. 2014-ல் திக்ரித்தில் சிக்கிய 46 செவிலியர்களின் கதை. ஃபகத் ஃபாசில் தூதர். இப்போது நான் அந்தப் பக்கம் சாய்ந்து, "தூதர் என்றால் இவர்!" என்று மேடையில் முழங்கினேன். 2025-ல் ஜான் ஆபிரகாம் நடித்த 'தி டிப்ளமேட்' வந்தபோதும் அதே முழக்கம். கோழை என்றேன், பிறகு வீரன் என்றேன். மேசை போட்டு எழுதியவர் இரண்டிலும் இல்லை. பட்டியல் சரிபார்ப்பதும், எல்லைச் சாவடியில் கெஞ்சுவதும், பிடிக்காத ஆட்சியிடம் சிரித்துப் பேசுவதும் திரையில் எடுபடாது. அதனால் படம் அவற்றை விட்டுவிடுகிறது. அதற்கு இரண்டரை மணி நேரம் ஓடியாக வேண்டிய கட்டாயம் உண்டு. எனக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

வளைகுடாவில் தூதரக வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடந்த தொழிலாளர்களின் கோபம் நியாயமானது. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தைக் கடன் வாங்கி, நடக்காத ஒன்றுக்குச் செலவழித்தது நான்.

பெரியவர் இப்போது இல்லை. மலர் வெளிவந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். தன் பேச்சு எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கன்டோன்மென்ட் பக்கத்தில் குவைத்திலிருந்து அப்படித் திரும்பிய குடும்பங்கள் இன்னும் இருந்தால், தாள்களோடு வாருங்கள். யார் கைவிட்டார்கள், யார் எழுதிக் கொடுத்தார்கள், இரண்டையும் சொல்லுங்கள். இந்த முறை எதையும் வெட்ட மாட்டேன்.