ஆக்ராவில் நின்றுபோன வாதம்

கல்லூரி விடுதியில் யாம் வாசித்த காலத்தே, இஸ்லாமிய நண்பரொருவர் எம்மோடு ஓரறையில் இருந்தார். இராப்போசனம் முடிந்ததும் வேதவிசாரணை தொடங்கும். வேதாகமம் பிற்காலத்தாரால் திரிக்கப்பட்டது என்பார் அவர்; யார், எப்பொழுது, எவ்விடத்துத் திரித்தனரென்று யாம் மடக்குவோம். ஓரிரவு, வாதவெறியில் அவர்தம் நபியை இகழ்ந்து ஒரு சொல் சொல்லிவிட்டோம். அவர் மறுமொழி கூறாது விளக்கை அவித்துப் படுத்தார். வென்றோமென்று மகிழ்ந்து யாமும் உறங்கினோம். மறுநாள் அவர் வேறோர் அறைக்குப் பெயர்ந்துவிட்டார்.

அவ்வெற்றி எத்தன்மையதென்பதைப் பல்லாண்டு கழித்து, ஆக்ரா வாதத்தின் வரலாற்றை வாசித்தபோதே அறிந்தோம். 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில், ஜெர்மானிய மிஷனெரியாகிய பாண்டர் ஐயரும் மௌலவி ரஹ்மதுல்லாவும் அந்நகரிற் சபையறிய வாதித்தனர். மௌலவியாரும் அவருக்குத் துணைநின்ற டாக்டர் வசீர் கானும் ஐரோப்பிய அறிஞரின் வேதாகம ஆராய்ச்சி நூல்களையே சான்றாகக் காட்டினர். ஏழெட்டு இடங்களில் மாறுதல் புகுந்ததுண்டென்று பாண்டர் ஐயர் ஒத்துக்கொண்டார். ஆயினும் மூலோபதேசம் பழுதுபடவில்லையென்றார். சில இடங்கள் திரிந்தனவாயின் நூல் முழுதுமே ஐயத்துக்குரியதென்றார் மௌலவியார். இரண்டாம் நாளோடு வாதம் நின்றது. திரித்துவமும் நபித்துவமும் பின்னர் ஆராயக் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒருவரும் தொடவேயில்லை.

யாமும் அவ்வாறே வாசலில் நின்று போரிட்டு, வீட்டினுள் புகாதவரானோம். வேதாகமத்தைக் குர்ஆனோடும் கிறிஸ்துவை நபியோடும் ஒப்பிடுதல் வழக்கம். அவ்வொப்புமை முற்றும் பொருந்தாது. முஸ்லிமுக்கு இறைவனது வார்த்தை நூலாய் இறங்கியது. கிறிஸ்தவனுக்கோ அது மனிதனாய்ப் பிறந்தது. ஆதலின் கிறிஸ்தவன் பாடபேதத்தைக் கலங்காது ஒப்புவதைக் கண்டு முஸ்லிம் திகைக்கின்றான். ஈசாவைக் கன்னி மர்யமின் மைந்தரென்றும் மஸீஹ் என்றும் குர்ஆன் போற்றுகின்றது. இறைவனுக்கு மைந்தனுண்டென்பதையோ அறவே மறுக்கின்றது. அம்மறுப்பு ஈசாவை இகழ்வதன்று. இறைவனது ஒருமையைக் காக்க எழுந்தது.

இதனை உணர்ந்தபின் நண்பரைத் தேடிச் சென்று மன்னிப்பு வேண்டினோம். "நீர் கேட்ட கேள்விகள் நல்லனவே, விடைக்குக் காத்திராததே குறை" என்றார். அன்று மாலை முழுதும் அவர் பேச யாம் கேட்டோம். கிறிஸ்துவின் தேவத்துவத்தில் எமது விசுவாசம் தளரவில்லை. அவரும் அதற்கு இணங்கவில்லை. ஆயினும் விடைபெறுங்கால், எம் விசுவாசத்தைக் கேட்கத் தாமே ஒருநாள் வருவதாகச் சொன்னார்.

மாணவ அன்பர்காள், வாதம் வேண்டாவென்று யாம் கூறோம். எதிர்நிற்பவரின் நம்பிக்கையை, "ஆம், அதுவே என் கருத்து" என்று அவரே ஒப்பும்படி எடுத்துரைக்க முதலிற் கற்றுக்கொண்மின். வாதம் அதன்பின் தொடங்குக.